பிரைட்டன் கசாயம்

ஏ பேராண்டி, லண்டன்ல படிக்கப் போன இடத்துல ரெண்டு நாள் லீவு கிடைச்சிருக்கு, கூட்டாளிகளோட பிரைட்டன் கடலுக்குப் போறேன்னு உங்கம்மாகிட்டச் சொன்னியாமே. நல்ல காரியம். நீச்சல் டவுசர், கறுப்புக் கண்ணாடி, வெயிலுக்குப் பூசுற களிம்புன்னு பை நிறைய வாங்கி வச்சிருக்கேன்னும் கேள்விப்பட்டேன். அங்கதான் எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. களிம்பு வாங்கின காசுக்கு ஒரு கம்பளிக் குல்லா வாங்கியிருக்கலாம். சரி, போனது போகட்டும். உங்க அத்தை புண்ணியத்துல அந்த ஊரை நானும் சுத்திப் பாத்தவன். அந்த உரிமையில நாலு வார்த்தை சொல்றேன், கேட்டுக்க. கேக்காட்டியும் எனக்கு நட்டமில்ல, நனையப்போறவன் நீதான்.

விக்டோரியா ஸ்டேஷன்ல ரயிலேறுனா ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனா இன்னும் கொஞ்சம். 1841ல அந்த ஊருக்குத் தண்டவாளம் போட்டாங்க. அன்னைல இருந்து லண்டன்காரனுக்கு லீவுன்னா அங்கதான். இறங்கி வெளிய வந்தா ரோடு நேரா இறக்கமாப் போயி கடல்ல முட்டும். யார்கிட்டயும் வழி கேக்க வேண்டியதில்ல. போறப்ப இறக்கம், சிரிச்சுக்கிட்டே போவீங்க. திரும்புறப்ப ஏத்தம், அப்ப எவனும் பேச மாட்டீங்க.

கடற்கரைக்கு வந்ததும் மணல் எங்கன்னு தேடாத. அந்தக் கரை பூராவும் கூழாங்கல்லு. கடல் நல்லா உள்வாங்குனா ஓரத்துல கொஞ்சம் மணல் எட்டிப் பாக்கும், அதோட சரி. சினிமாவுல பாத்தமேன்னு செருப்பைக் கழட்டி வீசிட்டு ஓடுனேன்னு வை, மூணாவது எட்டுல குலசாமி பேரு வரும், ஆறாவது எட்டுல மத்த சாமி பேரெல்லாம் வரும். அந்தக் கல்லு மேல துண்டை விரிச்சு மல்லாந்து படுத்துக்கிட்டு ஒரு வெள்ளைக்காரரு புஸ்தகம் படிச்சிட்டிருப்பாரு. முகத்துல ஒரு சுளிப்பு இருக்காது. அவரைத் தாண்டிப் போறப்ப மனசுக்குள்ள ஒரு கும்பிடு போட்டுக்க. அந்த முதுகு லேசுப்பட்டதில்ல.

தண்ணியில இறங்குறது உன் இஷ்டம். ஆகஸ்ட் மாசத்துலகூட அந்தக் கடல்தண்ணி சில்லுன்னுதான் இருக்கும். காலை வச்சதும் குளிர் பாதத்துல ஏறாது, நேரா மண்டையில அடிக்கும். பக்கத்துலயே பொடிசுக உதடு நீலம் பூத்து, பல்லு கிடுகிடுன்னு ஆட, "இன்னும் கொஞ்ச நேரம்மா"ன்னு அழுவுக. வெளிய வர்றதுக்குத்தான் அழுவுதுன்னு நெனச்சிராத. உள்ளயே இருக்கணும்னு அழுவுது.

இந்தக் கூத்துக்கெல்லாம் மூலகாரணம் ஒரு வைத்தியரு. பக்கத்துல லூயிஸ்னு ஒரு ஊரு, அங்க ரிச்சர்டு ரஸ்ஸல்னு இருந்தாரு. சுரப்பி நோவுக்குக் கடல்தண்ணிதான் மருந்துன்னு 1750ல லத்தீன்ல ஒரு புத்தகம் போட்டாரு. குளிக்கச் சொன்னதோட விட்டாரா? குடிக்கவும் சொன்னாரு. அதுவரைக்கும் பிரைட்டன் மீனு பிடிச்சுப் பொழைச்ச சின்ன ஊரு. வைத்தியரு வாயத் திறந்ததும் சீமான்களும் சீமாட்டிகளும் வண்டி கட்டிக்கிட்டு வந்துட்டாங்க. நம்ம வீட்டுக் குழம்புல ஒரு கல்லு உப்பு அதிகமானா என்ன பேச்சுப் பேசுவோம்! அவுக காசு கொடுத்து, காத்துக்கிடந்து, கடலையே மொண்டு குடிச்சிருக்காக.

குளிக்கிறதுலயும் சும்மா இறங்கிற முடியாது. சக்கரம் வச்ச மரக்கூண்டு ஒண்ணு இருக்கும். அதுக்குள்ள ஏறி உடுப்பு மாத்திக்கணும். கூண்டைத் தண்ணிக்குள்ள தள்ளிட்டுப் போவாங்க. அங்க கட்டுமஸ்தான பொம்பளைக இடுப்பளவு தண்ணியில நிப்பாங்க. படியில இறங்குற சீமாட்டியப் பிடிச்சு ஒரே முக்கு. அந்த வேலையில பேரெடுத்தவ மார்த்தா கன்னுங்கிற அம்மா. பட்டத்து இளவரசருக்கே வேண்டப்பட்டவ. 1815ல செத்துப்போனா. இன்னைக்கும் அங்க அவ பேருல ஒரு சாராயக்கடை இருக்கு. ஊரையே தண்ணியில முக்கினவ பேருல தண்ணிக்கடை, நியாயந்தான்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, அந்த ஊரு ஆரம்பிச்சதே மருந்துக் கணக்குலதான். கசாயம் குடிக்கிறவன் இனிப்பு எங்கன்னு கேக்க மாட்டான். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கா முழுங்கிட்டு, "உடம்புக்கு நல்லது"ம்பான். பிரைட்டனுக்குப் போறவன் அந்த மனசோட போகணும். கல்லு குத்துதா? உடம்புக்கு நல்லது. காத்து ஆளைத் தூக்குதா? உடம்புக்கு நல்லது. தங்குற ரூம்புக்குச் சொல்ற வாடகையக் கேட்டா நெஞ்சை அடைக்குதா? அது யாருக்கு நல்லதுன்னு உனக்கே தெரியும்.

அடுத்தாப்புல அரமனை. பட்டத்து இளவரசர் ஜார்ஜ் 1783ல அந்த ஊருக்கு மொதமொத வந்தாரு. கடல் காத்தும் பிடிச்சுப்போச்சு, கண்டிக்கிற அப்பாரு தூரத்துல இருக்காருங்கிறதும் பிடிச்சுப்போச்சு. மொதல்ல சின்னதா இருந்த வீட்டை 1815ல இருந்து 1822 வரைக்கும் ஜான் நாஷ்ங்கிற கட்டடக் கலைஞரை வச்சு ராயல் பெவிலியன்னு அரமனையா ஆக்கிட்டாரு. வெங்காயக் குமிழு, தூபி, சல்லடைக்கல்லுன்னு இந்தியாவையே இறக்கி வச்சிருக்கும். அதைப் பாத்ததும், "தாத்தா, நம்ம நாட்டுக் கட்டடம்"னு எனக்குப் போன் போடாத. அப்படி ஒண்ணு நம்ம நாட்டுல எங்கயும் கிடையாது. கட்டினவரும் இந்தியாவைக் கண்ணால கண்டதில்ல, கட்டச் சொன்னவரும் கண்டதில்ல. எல்லாம் படத்தைப் பாத்து வந்த ஆசை. வெளிய இந்தியான்னு நம்பி உள்ள போனா, உள்ள சீனா! விருந்துக் கூடத்துக் கூரையில ஒரு டன் கனத்துல ஒரு விளக்குத் தொங்குது. அதை ஒரு டிராகன் நகத்தால பிடிச்சுக்கிட்டிருக்கு. அதுக்கடியில உக்காந்து நிதானமா மென்னு முழுங்குனவன் எவனோ, அவன்தான் ராசா. பின்னால வந்த விக்டோரியா மகாராணிக்கு அந்த இடம் ஒத்துக்கல. 1850ல ஊருக்கே வித்துட்டுப் போயிட்டாக. டிக்கெட்டு எடுத்துப் பாரு, தப்பில்ல.

நெசமான இந்தியா வேணும்னா அங்க ஒரு பாட்னாக்காரரு கதை இருக்கு. பேரு சேக் டீன் மஹோமத். 1810ல லண்டன்ல நம்ம நாட்டுச் சாப்பாட்டுக்கடை ஒண்ணு வச்சாரு. கையைச் சுட்டுக்கிட்டாரு. சோந்து உக்காரல. பிரைட்டனுக்கு வந்து, மூலிகை ஆவியில உக்கார வச்சு உடம்பு பிடிச்சுவிடுற குளியல் நிலையம் தொறந்தாரு. ஊரே குளுந்த தண்ணி வித்துக்கிட்டிருந்த இடத்துல இவரு வெந்நி வித்தாரு பாரு, அதுதான் மூளை! கடல்ல முங்கி விரைச்சுப்போனவனெல்லாம் நேரா இவருகிட்டத்தானே வரணும்? நாலாம் ஜார்ஜுன்னு ராசாவான அந்த இளவரசருக்கும் நாலாம் வில்லியமுக்கும் இவருதான் பிடிச்சுவிடுற வைத்தியரு. முக்கி எடுத்த மார்த்தாவும், பிடிச்சுவிட்ட மஹோமத்தும் இப்ப செயிண்ட் நிக்கலஸ் கோயில் கல்லறைத் தோட்டத்துல ஒண்ணாத்தான் படுத்திருக்காக. தொழில் போட்டியெல்லாம் அதோட தீந்துச்சு.

ஒரு எடத்துல மட்டும் கேலியை மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்க. மொத உலக யுத்தத்துல, 1914 கடைசியில, அந்தப் பெவிலியனையே நம்ம சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரியா மாத்திட்டாங்க. பிரான்ஸ்ல குண்டடி பட்டு வந்த பயலுக அந்தச் சீனத்து விளக்குக்கடியில கட்டில்ல கிடந்தானுக. யாருக்கும் ஆசாரம் கெட்டுறக் கூடாதுன்னு ஒன்பது சமையக்கட்டு, இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் தனித்தனிக் குழாயி. பிழைக்காமப் போன இந்து, சீக்கியப் பயலுக 53 பேரை ஊருக்கு வெளிய பேச்சம் பக்கத்து மேட்டுல எரிச்சாங்க. அந்த எடத்துல 1921ல வெள்ளைக் கல்லுல சத்ரின்னு ஒரு நினைவு மண்டபம் கட்டியிருக்காங்க. பஸ்ஸு வாசல் வரைக்கும் போகாது, நடக்கணும். நடந்து போ. உன் கூட்டாளிக வரலேன்னாலும் நீ போ.

பெறகு பாலத்துக்கு வா. கடலுக்குள்ள அரைக் கிலோமீட்டருக்கு மேல மரப்பலகை போட்ட பாலம், 1899ல தொறந்தது. அதுல நடந்து கடைசி வரைக்கும் போனா அக்கரை வந்துரும்னு நெனைக்காத. ராட்டினமும் காசு முழுங்குற மிஷினும்தான் வரும். கண்ணாடிக்குள்ள ரெண்டு பென்ஸ் காசு குவிஞ்சு, விளிம்புல இந்தா விழுகிறேன் அந்தா விழுகிறேன்னு நிக்கும். இன்னும் ஒத்தக் காசு போட்டா மொத்தமும் சரிஞ்சுரும்னு தோணும். உங்க அத்தைகிட்டக் கேட்டுப் பாரு, அது சரியவே சரியாது. மேற்கால இன்னொரு பாலம், 1866ல தொறந்து 1975ல மூடி, 2003ல தீப்பிடிச்சுக் கறுத்த இரும்புக் கூடு மட்டும் கடலுக்குள்ள நிக்குது. நல்லா இருக்கிற பாலத்தை விட அதைத்தான் சனம் அதிகமாப் போட்டோ எடுக்குது. இத்துப்போனதுக்கு இருக்கிற மவுசு, வேலை செய்றதுக்கு எங்க இருக்கு? என்னையப் பாக்க மட்டும் ஒரு பயலும் கேமராவோட வர மாட்டேங்கிறான்.

கடலோரமா ஒரு குட்டி ரயில் ஓடும், ஏறிக்க. மேக்னஸ் வோல்க்னு ஒருத்தரு 1883ல விட்ட கரண்டு ரயில். உலகத்துல இன்னும் ஓடிக்கிட்டிருக்கிற கரண்டு ரயில்ல அதுதான் மூத்தது. அதோட சும்மா இருந்தாரா மனுசன்? 1896ல கடலுக்குள்ளயே தண்டவாளம் போட்டு, 23 அடி உசரத்துக்குக் காலு வச்சு இன்னொரு ரயிலும் விட்டாரு. கடல்ல போறதுனால கப்பல் கேப்டன் ஒருத்தரு கூட இருக்கணும்னு விதி. தொறந்த வாரமே புயலு வந்து கவுத்துருச்சு. மறுபடி நிமித்தி 1901 வரைக்கும் ஓட்டிட்டுத்தான் விட்டாரு. மொதல்ல சொன்ன குட்டி ரயில்ல கிழக்க போறப்ப, துணியில்லாமக் குளிக்கிறவுகளுக்குன்னு 1980ல நகராட்சியே ஒதுக்கி விட்ட கரை ஒண்ணு உண்டு. அது எங்க இருக்குன்னு நான் சொல்லமாட்டேன். அந்தக் குளிருல துணியத் துறந்து நிக்கிறதைப் பாத்து வெக்கப்படுறதா, வீரம்னு மெச்சுறதான்னு நீயே முடிவு பண்ணிக்க.

சாப்பாட்டுக்கு மீன் வறுவலும் சிப்ஸும். காரம் கேக்காத, அப்படி ஒண்ணு இருக்குன்னே அந்தக் கடைக்குத் தெரியாது. உப்பைத் தூவி வினிகரை ஊத்திக் கொடுப்பாங்க, சூடா இருக்கிறப்பவே தின்னுரணும். தின்னுறப்ப முதுகைச் சொவத்துல ஒட்ட வச்சுக்க. கடற்காக்கான்னு சொன்னா சின்னதா நெனச்சுருவ. கோழி அளவுக்கு இருக்கும், கண்ணு மஞ்சளா, இமைக்காம உன் கையையே பாத்துக்கிட்டு நிக்கும். நீ பேசுறதுக்கு வாயத் தொறக்கிற நேரம் பாத்து, பின்னாடி இருந்து வந்து மீனைக் கொத்திட்டுப் போயிரும். துரத்தி அடிக்கலாம்னு பாத்தா அந்த நாட்டுச் சட்டத்துல அதுக்குப் பாதுகாப்பு இருக்கு. உனக்கு விசாதான் இருக்கு. எது பெருசுன்னு யோசிச்சுக்க.

கடைசியா ஒண்ணு. மழை வரும். வராம இருக்காது. மழை வந்ததும் நீ ஓடி ஒதுங்கப் பாப்ப. அப்ப நின்னு ஒரு தரம் திரும்பிப் பாரு. வயசான புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரு வீட்டுலருந்து கொண்டாந்த மடக்கு நாற்காலியில உக்காந்திருப்பாக. அந்தம்மா மழைக்கோட்டுத் தொப்பியை இழுத்து விட்டுக்கிட்டு, பிளாஸ்க்கைத் தொறந்து டீயை ஊத்தி அவருகிட்ட நீட்டும். டம்ளருக்குள்ள மழைத்துளி சொட்டுச் சொட்டா விழும். அவரு அதைக் கண்டுக்காம ஒரு வாய் குடிச்சிட்டு, மேகத்துல எங்கயோ ஒரு ஓரம் வெளுத்திருக்கிறதைக் கையை நீட்டிக் காட்டுவாரு. அந்தம்மாவும் தலையாட்டும். அங்க வெளுப்பும் இருக்காது ஒண்ணும் இருக்காது, எங்கண்ணுக்குப் படல.

அதுதான்டா அந்த ஊரோட சூட்சுமம். அவுக கடலை நம்பி வரல, வெயிலை நம்பி வரல. இன்னைக்குச் சந்தோசமா இருக்கிறதுன்னு வீட்டுலயே முடிவு கட்டிட்டு வர்றாக. முடிவு கட்டிட்டு வந்தவனை மழை என்ன செய்யும், கல்லு என்ன செய்யும்? எல்லாம் சரியா இருந்தாத்தான் சிரிப்பேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுப் போறவன், ரயில் டிக்கெட்டுக் காசைக் கடல்ல போட்டவன்தான். உன் பரம்பரையில அந்த மூஞ்சி யாருக்கிட்ட இருந்து வந்துச்சுன்னு தெரியல, உங்க ஆச்சி வழியாத்தான் இருக்கணும்.

போயிட்டு வா. குளிருது, கல்லு குத்துது, காக்கா மீனைத் தூக்கிட்டுப் போயிருச்சுன்னு போன் போட்டேன்னா எடுக்க மாட்டேன். ரொம்ப நல்லாருக்கு தாத்தான்னு போட்டேன்னா நம்ப மாட்டேன். ஆனா பய தேறிட்டான்னு நெனச்சுக்குவேன்.