செயற்கைக்கோளைப் பிடித்துக்கொண்டு நெய்வேலியில் இறங்குவது எப்படி?

இந்தக் குறிப்புகள் சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்பவர்களுக்கு. இல்லாதவர்களும் படிக்கலாம். நெய்வேலி விமான நிலையத்தைப் பொறுத்தவரை இரு தரப்பாரும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் வாயுதூத் நிறுவனத்தின் சிறு விமானங்கள் வந்துபோன ஓடுபாதை அது. 2017இல், சிறு ஊர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தின் முதல் சுற்றிலேயே ஊர்ப்பெயர் பட்டியலில் ஏறியது. பெயர் ஏறிய வேகத்தில் விமானம் இறங்கவில்லை. ஆகவே நெரிசலில் இடம் கிடைக்காமல் வானத்தில் சுற்ற வேண்டியிருக்குமோ என்ற கவலை வேண்டாம்.

முதலில், ஜிபிஎஸ் பெட்டியைத் தரையிலேயே வைத்துப் பழகுங்கள். பழைய பெட்டிகளில் ஒரு சின்னத் திரை, சில பொத்தான்கள், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு திருகுகள் இருக்கும். பெரியது கட்டத்தைத் தள்ளும். சின்னது எழுத்தை மாற்றும். ஊர்ப்பெயரை எழுத்தெழுத்தாகத் திருகித்தான் ஏற்ற வேண்டும். மே மாத மதியம், பண்ருட்டிக்கு மேலே வெப்பக்காற்று விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும்போது இந்தத் திருகலை ஆரம்பித்தால், நெய்வேலிக்குக் கிளம்பியவர் நைஜீரியாவுக்கு வழி கேட்டுக்கொண்டிருப்பார்.

பெட்டியைப் போட்டதும், விவரத் தொகுப்பு காலாவதியாகிவிட்டது என்று திரை சொல்லக்கூடும். உலகெங்கும் 28 நாளுக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படுகிறது. புதுப்பிக்கக் காசு ஆகும். படிக்காமலே ‘சரி’யை அமுக்கிவிடுவது பலருடைய வழக்கம். புதிதாக முளைத்த கோபுரம் எதுவும் பழைய தொகுப்பில் இராது என்பதால், திரையைப் பார்க்க மனசுக்கு நிம்மதியாக இருக்கும்.

செயற்கைக்கோளுக்கு உங்கள் இடம் தெரிந்தால் மட்டும் போதாது, அரசாங்கத்துக்கும் தெரிய வேண்டும். பயணத் திட்டத்தைக் கொடுத்து, விமானத் தகவல் மையத்தின் எஃப்ஐசி எண், வான் பாதுகாப்பு அனுமதிக்கான ஏடிசி எண் இரண்டையும் வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். இவற்றுக்குப் பெட்டியில் பொத்தான் கிடையாது.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு ‘டைரக்ட் டு’ பொத்தான் பெரிய சபலம். அமுக்கினால் நெய்வேலிக்கு நேர்க்கோடு, சுமார் 90 கடல் மைல். அழகான கோடுதான். என்ன, கிளம்பிய சூட்டோடு தாம்பரம் விமானப்படைத் தளத்தின் தலைமேல் போகும். சரி, கிழக்கே ஒதுங்கிக் கடலோரமாகப் போகலாம் என்றால் அங்கே கல்பாக்கம் அணு உலை வளாகம் இருக்கிறது. கட்டுப்பாட்டு அறை சொல்லும் சுற்றுவழியில் போங்கள். நேர்க்கோட்டில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது இந்த நாட்டில் எந்த வண்டிக்கும் பொருந்தாத நம்பிக்கை.

இனி உயரம். இதில் நம் பகுதிக்கென்று ஒரு விசேஷம் உண்டு. செயற்கைக்கோள் கணக்கு உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளப்பதில்லை. துருவத்தில் கொஞ்சம் தட்டையான, வழவழப்பான ஒரு பூமியைக் கற்பனை செய்துகொண்டு, அதன் மேல்தோலிலிருந்து அளக்கிறது. நிஜக் கடல் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. இலங்கைக்குத் தெற்கே ஈர்ப்பு குறைவாக இருப்பதால் கடல்மட்டம் அந்தக் கற்பனைத் தோலைவிட 100 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. உலகில் இப்படிக் கிடக்கும் பள்ளங்களில் அதுதான் பெரியது. அதன் சரிவில்தான் நம் கடலூரும் இருக்கிறது. திருத்தம் செய்யாத கணக்குப்படி, தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறவர் சுமார் 90 மீட்டர் ஆழத்தில் இருக்கிறார். நல்ல பெட்டிகள் இதைத் தாமே திருத்திவிடும். உங்களுடையது நல்ல பெட்டியா என்று ஓடுபாதைக்கு மேலே ஆராய வேண்டாம். காற்றழுத்தத்தைக் கேட்டு வாங்கிப் பழைய உயரமானியில் ஏற்றுங்கள். விதிகளும் அதைத்தான் நம்புகின்றன.

நிலப்படம் காட்டும் திரையையும் இந்த ஊரில் அளவோடு நம்புங்கள். உலக மேடுபள்ள வரைபடங்கள் பலவற்றுக்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி ரேடாரால் எடுத்த அளவு. அதற்குப் பிறகும் பக்கெட் வீல் இயந்திரங்கள் நெய்வேலியில் ஓயவில்லை. பழுப்பு நிலக்கரி எடுக்க முன்பக்கம் தோண்டுகிறார்கள், பின்பக்கம் மேல்மண்ணைக் கொட்டுகிறார்கள்; சுரங்கம் நகர்ந்துகொண்டே போகிறது. திரையில் வயல் தெரியும் இடத்தில் பள்ளம் இருக்கும், பள்ளம் தெரியும் இடத்தில் மண்மலை எழும்பியிருக்கும். 2023 ஜூலையில் அருகிலுள்ள வளையமாதேவியில், வாய்க்கால் வெட்டப் பயிர் நின்ற வயலிலேயே சுரங்க நிறுவனத்தார் இயந்திரத்தை இறக்கினார்கள். அறுவடை வரை பொறுக்காதவர்கள் 28 நாள் பொறுத்து வரைபடத்துக்குத் தகவல் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா?

இருட்டிய பிறகு வராதீர்கள். பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கமாகப் போகிறது. சூரியன் மறைந்த பின், முக்கியமாக மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில், நம் தலைக்கு மேலே அயனி மண்டலத்தில் குமிழிகள் கிளம்பி, 20,000 கிலோமீட்டர் தாண்டி வரும் சமிக்ஞையைக் கடைசி நேரத்தில் கலைக்கும். நாலு செயற்கைக்கோள் இருந்தால் உங்கள் இடம் தெரியும். நாலில் ஒன்று பொய் சொல்கிறதா என்று அறிய ஐந்தாவது வேண்டும். எது என்று பிடித்து விலக்க ஆறாவது. அதற்குள் நீங்கள் வடலூரைத் தாண்டியிருப்பீர்கள்.

இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் உருவாக்கிய ககன் அமைப்பு இப்படிப்பட்ட பிழைகள் பலவற்றைத் திருத்திச் சொல்லும். 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கர் ஓடுபாதையில் இண்டிகோவின் ஏடிஆர் ஒன்று அதன் துணையோடு இறங்கிக் காட்டியது. ஆனால் ஒவ்வொரு ஓடுபாதைக்கும் தனித்தனியே வகுத்த இறங்குமுறை இருந்தால்தான் அது நடக்கும். நீங்கள் ஜன்னலைப் பயன்படுத்துங்கள். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தூரத்திலிருந்தே தெரியும். புகை சாயும் திசையைப் பார்த்தால் காற்று எப்பக்கம் என்றும் தெரிந்துவிடும். இந்தச் சேவைக்குச் சந்தா இல்லை.

இறங்கியதும் பெட்டியை அணைத்துவிடுங்கள். நகரியத்தில் வீடுகள் ஒன்றுபோலவே இருக்கும். ஆட்டோக்காரர் “எந்த வட்டம்?” என்பார். அட்சரேகை, தீர்க்கரேகை என்று ஆரம்பிக்காதீர்கள். வட்டம், தெரு, வீட்டு எண் மூன்றையும் சொல்லி, ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள்.