கன்டெய்னருக்கு ஆபத்தில்லாத கரை

கிரேட் நிக்கோபார் தீவில் சுமார் 8,000 பேர் வசிக்கிறார்கள். அங்கே வரப்போகும் விமான நிலையம், நெரிசல் நேரத்தில் மணிக்கு 4,000 பயணிகளைக் கையாளுமாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கைக்குழந்தை முதல் கட்டிலில் கிடக்கும் கிழவி வரை, தீவின் மொத்த சனத்தையும் இரண்டே மணி நேரத்தில் ஏற்றி அனுப்பிவிடலாம். இதை மனத்தில் வைத்துத்தான் கட்டுகிறீர்களா என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். வரப்போகிற மூன்றரை லட்சம் பேருக்காகக் கட்டுகிறோம் என்பார்கள். ஏற்கெனவே இருக்கிற எட்டாயிரம் பேருக்கு என்ன என்று கேட்டால், அதற்கு ஒரு துணைக்குழு அமைப்பார்கள்.

இந்தியாவின் தென்கோடி கன்னியாகுமரி என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். உண்மையான தென்கோடி இந்தத் தீவில் இருக்கும் இந்திரா முனை. அங்கிருந்து சுமத்ரா கூப்பிடு தூரம். போர்ட் பிளேர்தான் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். (போர்ட் பிளேர் என்று எழுதியது பழைய பழக்கம். 2024 செப்டம்பரிலிருந்து அது ஸ்ரீ விஜய புரம். தீவுகளுக்கு அரசு உடனடியாகச் செய்துகொடுத்த வசதிகளில் இந்தப் பெயர்மாற்றம் முக்கியமானது. செலவும் இல்லை, கப்பலும் தேவையில்லை.)

இந்தக் கடைசித் தீவில் மத்திய அரசு அள்ளிக் கொட்டப்போகிற பணம் 72,000 கோடி ரூபாய் என்று ஆரம்பித்தது. இப்போது 80,000 கோடியைத் தாண்டிப் பேசுகிறார்கள். கலாத்தியா விரிகுடாவில் ஆண்டுக்கு 1.42 கோடி கன்டெய்னர்களைக் கையாளும் துறைமுகம், பக்கத்தில் விமான நிலையம், எரிவாயுவும் சூரிய ஒளியும் கலந்த மின் நிலையம், இவற்றைச் சுற்றி ஒரு புத்தம்புது நகரம். மொத்தம் 166 சதுர கிலோமீட்டர். அதில் 130 சதுர கிலோமீட்டர் மனிதன் கோடரி வைக்காத மழைக்காடு. யோசனை நிதி ஆயோக்கினுடையது. செயல்படுத்தப் போவது அனிட்கோ என்கிற அந்தமான் நிக்கோபார் ஒருங்கிணைந்த வளர்ச்சிக் கழகம். 1988-ல் தொடங்கிய இந்தக் கழகத்தின் அன்றாடத் தொழில் தீவுகளில் பெட்ரோல், பால், பீர், வெளிநாட்டு மது வகைகள் விற்பது. சரக்கு கையாண்ட அனுபவம் இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது.

தீவுக்காரர்கள் எதுவும் கேட்கவில்லையா என்றால், கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். தீவின் முக்கிய ஊரான கேம்பல் பேயிலிருந்து தலைநகருக்குப் போகும் கப்பல் சொன்ன நாளில் வர வேண்டும் என்று கேட்டார்கள். கடல் கொந்தளித்தால் கப்பல் இல்லை, வானம் மூடினால் ஹெலிகாப்டர் இல்லை, ஹெலிகாப்டர் வந்தாலும் எல்லோருக்கும் இருக்கை இல்லை. பிரசவ வலி கண்டவளும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவனும் வானிலை அறிக்கையைக் கேட்டுவிட்டா படுக்க முடியும்? தெற்கே கடற்கரையை ஒட்டிப் போன சாலையின் கடைசிப் பகுதியை 2004 சுனாமி தின்றது. அதைப் போட்டுத்தாருங்கள் என்று கேட்டார்கள். இதற்கெல்லாம் கஜானாவில் காசு இல்லாமல் இருந்தது. தொலைதூரத் தீவு, செலவு கட்டுப்படியாகாது என்றார்கள். அதே தொலைதூரத் தீவுக்குத்தான் இப்போது பணம் மூட்டை மூட்டையாகப் புறப்பட்டிருக்கிறது. எட்டாயிரம் பேருக்கு ஒரு கப்பல் விடுவது வீண் செலவு. ஒன்றரைக் கோடிப் பெட்டிகளுக்குத் துறைமுகம் கட்டுவது முதலீடு.

இதில் எனக்கு வயிறு எரிவது ஒரே ஒரு விஷயத்தில்தான். மற்றதெல்லாம் வழக்கமான அரசாங்கக் கூத்து என்று விட்டுவிடலாம். இதை விட முடியவில்லை. சுனாமிக்கு முன்பு நிக்கோபாரிப் பழங்குடிகள் தீவின் தெற்கிலும் மேற்கிலும் கடற்கரைக் கிராமங்களில், தங்கள் தென்னைகளும் பன்றிகளும் படகுகளுமாக வாழ்ந்தார்கள். அந்த டிசம்பர் காலையில் பலர் போனார்கள். மிஞ்சியவர்களை நிர்வாகம் கேம்பல் பே பக்கம் கொண்டுவந்து, முதலில் தகரக் கொட்டகையிலும் பிறகு வரிசை வீடுகளிலும் குடிவைத்தது. தற்காலிகம்தான் என்று நம்பி வந்தவர்கள் அவர்கள். ஊருக்குத் திரும்ப வேண்டும், எங்கள் முன்னோர் மண் அங்கே இருக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். விடவில்லை. அந்தக் கரைகளில் உங்களுக்குப் பாதுகாப்பில்லையாம், அவ்வளவு தூரம் வசதி செய்துதர முடியாதாம். நியாயம்தான் போலிருக்கிறது என்று நாமும் நினைத்திருப்போம். இந்திரா முனை கலங்கரை விளக்கம் நின்ற நிலமே அன்றைக்கு நான்கு மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிட்டது. படி ஏறிப் போன விளக்கின் அடிவாரத்தில் இன்று கடல் நிற்கிறது. அப்படிப்பட்ட கரை ஓலைக்குடிசைக்கு ஆபத்து. ஆனால் பன்னாட்டுத் துறைமுகத்துக்கும் எரிவாயுக் கிடங்குக்கும் மூன்றரை லட்சம் பேர் குடியேறும் நகரத்துக்கும் உகந்த இடம்! நிலநடுக்கம் ஆள் பார்த்து, சாதி பார்த்து வரும் போலிருக்கிறது.

நிலநடுக்கத்தோடு பேசி முடித்துவிட்டார்கள் என்பதும் உண்மை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பாருங்கள்: 2004-ல் வந்தது போன்ற பெரும் நடுக்கம் திரும்பி வர 420 முதல் 750 ஆண்டுகள் ஆகும் என்று மேற்கோள் காட்டி மனம் தேறுகிறார்கள். அதற்குச் சற்றுச் சிறியவை, ரிக்டரில் ஏழரைக்கு மேற்பட்டவை, 80 முதல் 120 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரலாம் என்றும் அதே இடத்தில் இருக்கிறது. துறைமுகத்தின் ஆயுளுக்குள் அது வந்து தொலைத்தால், பொறுப்பான அதிகாரிகள் ஓய்வு பெற்றிருப்பார்கள் என்பதே நமக்குள்ள ஆறுதல்.

அடுத்தது ஆமை. உலகத்திலேயே பெரிய ஆமை, நம் மீனவர்கள் ஏழுவரி ஆமை என்று சொல்லும் தோல்முதுகு ஆமை, முட்டையிட வரும் கரை கலாத்தியா. இருட்டிய பிறகு ஒரு தாய் ஆமை அலையிலிருந்து மேலேறும். முன்துடுப்பால் மணலை வாரி வாரி உடம்பை இழுத்துக்கொண்டு வந்து, பின்துடுப்பால், கண்ணால் பார்க்காமலே, ஒரு குழியைக் கிண்ணம் போல வழித்தெடுக்கும். முட்டைகளை இட்டு, மூடி, தடம் தெரியாமல் மணலைக் கலைத்துவிட்டுத் திரும்பும். இந்தக் கரையை 1997-ல் சரணாலயமாக அறிவித்தவர்கள் 2021 ஜனவரியில் அந்தச் சரணாலயத்தையே ரத்து செய்தார்கள். அதே ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் கடல் ஆமைகளைக் காக்கத் தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. அதில் முக்கியமான முட்டையிடும் கரைகளில் ஒன்றாகக் கலாத்தியாவின் பெயரும் இருக்கிறது. ஒரு கையில் சரணாலயத்தை அழித்துக்கொண்டே மறுகையில் அதைக் காக்கும் புத்தகத்துக்கு அட்டை போட்டவர்களின் திறமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆமைகளைக் கைவிடவில்லை என்றும் சொல்கிறார்கள். சுமார் 3 கிலோமீட்டர் அகலமுள்ள விரிகுடா வாசலை அலைதடுப்புச் சுவர்கள் அடைத்த பிறகும் 300 மீட்டர் திறப்பு இருக்குமாம். கடல் கடந்து வரும் ஆமை, கன்டெய்னர் கப்பலுக்கு வழிவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் கண் கூசாமல், இடது பக்கமாக ஒதுங்கி வர வேண்டியதுதான். அதுவும் சிரமம் என்றால், லிட்டில் நிக்கோபாரில் ஆமைக்கென்று புதிதாக ஒரு சரணாலயம். நிக்கோபார் மெகாபோட் பறவைக்கு மென்சால் தீவு. பவளத்துக்கு மேரோ தீவு. அந்தத் தீவுகள் பரம்பரையாக எங்களுடையவை, எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று நிக்கோபாரிகளின் பழங்குடிக் குழு எழுதியது. கேட்கிற பழக்கம் எப்போது இருந்தது, இப்போது கேட்க? மெகாபோட் விசித்திரமான பறவை. முட்டையின் மேல் உட்காராது. மணலையும் இலைதழையையும் மேடாகக் குவித்து, அது மக்கும் சூட்டில் குஞ்சு பொரிக்கும். திட்டப் பகுதியில் இருந்த 51 கூட்டுமேடுகளில் 30 நிரந்தரமாக அழியும் என்று அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. பறவைக்குத் தகவல் சொல்லியிருப்பார்கள் என்று நம்புவோம்.

பவளத்தின் கதை இன்னும் அழகு. பவளமும் ஆமைக்கரையும் உள்ள இடம் கடலோர ஒழுங்குமுறை விதிகளில் முதல்தரப் பாதுகாப்பு வளையம். அங்கே துறைமுகம் கட்ட முடியாது. துறைமுக நிலத்தில் 7 சதுர கிலோமீட்டர் அந்த வளையத்துக்குள் வருகிறது என்று அந்தமான் கடலோர ஆணையமே முதலில் சொன்னது. பிறகு நம் சென்னையில் உள்ள தேசிய நிலையான கடலோர மேலாண்மை மையம் போய்ப் பார்த்தது. ஒரு அங்குலம்கூட வளையத்துக்குள் இல்லை என்று முடிவு வந்தது. அங்கே 20,668 பவளக் கூட்டங்கள் இருப்பதும், அவற்றில் 16,150-ஐப் பெயர்த்து வேறிடத்தில் நடப்போவதும் அரசே கொடுத்த கணக்கு. ஆக, பவளம் இருக்கிறது. பவளம் இருக்கும் இடம்தான் இல்லை.

மரங்கள் 9.64 லட்சம் வெட்டப்படலாம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். உண்மை இதைப் போலப் பல மடங்கு என்கிறார்கள் காடு தெரிந்தவர்கள். இருக்கட்டும். ஈடாகக் காடு வளர்க்கப்போவது எங்கே தெரியுமா? ஹரியானாவில். வெப்பமண்டல மழைக்காட்டுக்குப் பதில், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், டெல்லியின் புழுதிக்குப் பக்கத்தில். நிக்கோபாரின் குரங்கும் மரமூஞ்சூறும் குருகிராமுக்கு ரயில் ஏற வேண்டும். ராஜேந்திர சோழன் தன் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரத்தைப் பிடித்ததாகப் பெருமையடித்துக்கொண்டான். அவனுக்குக்கூட இந்த யோசனை வரவில்லை.

இதையெல்லாம் யாராவது தட்டிக்கேட்க மாட்டார்களா? கேட்டார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2023 ஏப்ரலில், அனுமதியில் உள்ள ஓட்டைகளை மறுபடி பார்க்க உயர்நிலைக் குழு ஒன்றை அமைத்தது. குழுவின் தலைவர், அனுமதி கொடுத்த அதே சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் செயலாளர். உள்ளே திட்டத்தைப் பெற்ற நிதி ஆயோக்கின் ஆள், துறைமுகம் கட்டும் கப்பல் துறையின் ஆள், தீவின் தலைமைச் செயலாளர். பரீட்சை எழுதிய பையனையே திருத்தச் சொல்லி, மறுகூட்டலுக்கும் அவனையே உட்காரவைத்தால் மார்க் குறையவா போகிறது? தகவல் உரிமைச் சட்டத்தில் விவரம் கேட்டவர்களுக்கு நாட்டின் பாதுகாப்பு என்று சொல்லிக் கதவை அடைத்தார்கள். ஊரறிய டெண்டர் விடலாம், விளக்கப்படம் போடலாம். ஆமையைப் பற்றிக் கேட்டால் மட்டும் எதிரி நாட்டு உளவாளி.

ஒப்புதல் வாங்கிய லட்சணமும் அப்படித்தான். வன உரிமைகள் எல்லாம் கண்டறிந்து தீர்க்கப்பட்டுவிட்டன என்று 2022-ல் நிர்வாகம் சான்றிதழ் எழுதிக்கொடுத்தது. பழங்குடிக் குழுவிடமும் ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் வாங்கினார்கள். தங்கள் பழைய கிராமங்கள் திட்டத்துக்குள் போகின்றன என்பதை மறைத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், அந்த நவம்பரிலேயே குழு கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கொடுத்த கடிதம் செல்லும், திரும்பப் பெற்ற கடிதம் செல்லாது போலிருக்கிறது, வேலை நடக்கிறது. காட்டுக்குள் இருக்கும் ஷோம்பென் மக்கள், 2011 கணக்கில் 229 பேர், யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை. பெரிய திட்டம் எது வந்தாலும் அவர்கள் நலனுக்கே முதலிடம் என்று 2015-ல் அரசே கொள்கை வகுத்திருக்கிறது. வெளியார் நோய்களை எதிர்க்கும் சக்தி உடம்பில் இல்லாத அவர்களுக்கு இது மரண தண்டனை என்று 2024 பிப்ரவரியில் 39 இனப்படுகொலை ஆய்வாளர்கள் குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். வெளிநாட்டுச் சதி என்று சொல்லவும் இங்கே ஆள் தயாராக இருந்திருப்பார்.

போகட்டும், லாபமாவது வருமா? சிங்கப்பூரையும் கொழும்பையும் பிடித்துவிடுவோம் என்கிறார்கள். இதையேதான் 2011-ல் கொச்சி வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தைத் திறந்தபோதும் சொன்னார்கள். கொழும்பு இன்னும் பிழைத்துத்தான் இருக்கிறது. 2025 மே மாதம் விழிஞ்ஞம் துறைமுகத்தைத் திறந்தபோதும் சொன்னார்கள். பின்னால் ஒரு தொழிற்சாலையோ ரயிலோ சந்தையோ இல்லாத தீவில், கப்பல்காரன் பெட்டியை இறக்கி ஏற்ற எதற்கு வர வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் வந்தால் அது உடனே ராணுவ ரகசியமாகிவிடுகிறது. ராணுவத்துக்கு வேண்டுமென்றால் அங்கே 2012 முதல் கடற்படையின் ஐஎன்எஸ் பாஸ் விமானத்தளம் இருக்கிறது. அதை நீட்டித்தால் யார் வேண்டாம் என்றது?

இன்னொரு கூட்டத்தையும் சொல்ல வேண்டும். எல்லையைக் காக்கத் தீவில் குடியேறுங்கள் என்று 1969 தொடங்கி முன்னாள் ராணுவத்தினர் முந்நூற்றுச் சொச்சம் குடும்பங்களை அரசு கொண்டுபோய் இறக்கியது. பஞ்சாபிகள், மராட்டியர், மலையாளிகளோடு நம் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. காடு திருத்தித் தென்னையும் பாக்கும் வைத்து, சுனாமியில் பாதியை இழந்து, மறுபடி நட்டார்கள். அவர்களுடைய காந்தி நகரும் சாஸ்திரி நகரும் இப்போது விமான நிலைய வரைபடத்தில் இருக்கின்றன. அன்று நாட்டுக்காக வந்தார்கள். இன்று நாட்டுக்காகவே காலி செய்ய வேண்டுமாம். நஷ்டஈடு நியாயமாகக் கிடைக்குமா என்று கவலைப்படுகிறார்கள். வீண் கவலை. தென்னைக்கும் தோட்டத்துக்கும் விலை போடுவதில் இந்த நிர்வாகத்துக்கு முன்அனுபவம் இருக்கிறது. சுனாமியில் எல்லாம் போன நிக்கோபார் தீவுக்காரர்களுக்கு நிவாரணமாக 2 ரூபாய்க்குக் காசோலை எழுதிக் கொடுத்தவர்கள்தானே. இருபது ஆண்டு விலைவாசி உயர்வைச் சேர்த்தால் இந்த முறை ஆறேழு ரூபாய் வரும்.