ஐந்தாம் ஃப்ரெட்டில் பஸ் வரும்

“ஏங்க, பஸ் வருதுன்னு சொன்னீங்களே, எந்த நம்பர்?” என்று பால்கனியிலிருந்து என் மனைவி கேட்டாள். நான் உள்ளே கட்டிலில் கிட்டாரும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். எனக்கு வந்த பஸ்ஸுக்கு நம்பர் கிடையாது. அது முதல் ஃப்ரெட்டில் கிளம்பி ஏழாம் ஃப்ரெட் வரை போகிற பஸ்.

கிட்டாரின் நெக்கில், அதாவது கழுத்தில், குறுக்கே பதித்த உலோகப் பட்டைதான் ஃப்ரெட். கம்பி அதில் உரசி இரைவதற்குக் கிட்டார்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர், தமிழில் எழுதினால் அப்படியே மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்குச் சொந்தமாகிவிடுகிறது. மறுநாள் “கிட்டார்ல இரைச்சல் வருது” என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். “அது வாங்கின நாள்லேருந்து வருதே” என்றாள். பஸ் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சத்தத்தைச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் பொன்வண்டைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் அடைத்து காதருகே வைத்துக் கேட்டிருப்பீர்கள். அந்த ‘ஙர்ர்ர்’தான். ஸ்வரம் சரியாக வரும், கூடவே பொன்வண்டும் வரும்.

கிட்டார் வாங்கியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் மோகன் கிட்டாரோடு பாடும் அந்த நிலாப் பாட்டை ஒரு தடவையாவது வாசித்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும் என்பது திட்டம். அதற்கு வேண்டியது பெட்டி கிட்டார் என்று தெரியாமல் எலக்ட்ரிக் வாங்கிவந்துவிட்டேன். லியோ ஃபெண்டர் 1954-இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உருவம், ஆனால் அந்தப் பெயரும் இல்லை, அந்த விலையும் இல்லை. பக்கத்து ஃபிளாட்டில் பத்தாம் வகுப்புப் பையன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்ததால் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆம்ப் போடாமல் வெறும் கம்பியைத்தான் மீட்டுவேன். ஆகவே அந்தப் பொன்வண்டு உலகத்தில் என் ஒருவன் காதில்தான் விழுந்தது. காது டாக்டரிடம் போக வேண்டிய கேஸோ என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

எலக்ட்ரிக் கிட்டார் என்றால் கோளாறும் எலக்ட்ரிக்காகத்தான் இருக்கும் என்பது என் முதல் தீர்ப்பு. ஆம்பில் சொருகினேன். நிஜமாகவே ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு முனகல். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து ஆறு கம்பியிலும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, “கரண்ட் இல்லை சார்” என்று நல்ல செய்தி சொன்னார். எர்த்தும் சரியாக இருந்தது. முந்நூறு ரூபாய். போகிறபோது தலைக்கு மேலிருந்த பழைய டியூப்லைட்டை அணைத்தார், முனகல் பாதியானது. நான் கம்பியில் உள்ளங்கையை வைத்தேன், மிச்சமும் அடங்கியது. அது வேறு நோய். ஒற்றைச் சுருள் பிக்கப், கம்பியின் அதிர்வோடு வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். அதை அடக்கத்தான் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் 1955-இல் இரட்டைச் சுருள் வைத்து ஹம்பக்கர் செய்தார். பொன்வண்டு இந்த ஜாதி இல்லை. வயரைப் பிடுங்கிவிட்டு வாசித்தும் சத்தம் வந்தால் குற்றவாளி மின்சாரம் அல்ல என்பது சின்னக் குழந்தைக்கும் தெரிகிற சோதனை. நான் தினமும் வயர் இல்லாமல்தான் வாசித்துக்கொண்டிருந்தேன் என்பது எலக்ட்ரீஷியன் படியிறங்கிய பிறகுதான் மூளைக்கு எட்டியது.

அடுத்த சந்தேகம் நட் மேல். இது போல்ட்டோடு வருகிற நட் இல்லை. தலைப்பக்கம், ஆறு கம்பிகளும் உட்கார ஆறு வெட்டு போட்ட சின்னப் பட்டை. கம்பி அதில் சரியாக உட்காரவில்லை என்று எனக்கு நானே ஜோசியம் சொல்லிக்கொண்டு, மகளின் நெய்ல் ஃபைலை எடுத்து ஆறாவது கம்பியின் வெட்டை ராவினேன். அதுவரை விரலால் அழுத்தினால்தான் பஸ் வந்தது. இப்போது அழுத்தாமல் சும்மா மீட்டினாலே வந்தது.

இதில் ஒரு சட்டம் இருக்கிறது. தெரிந்துகொள்ள நான் ஒரு நட்டைக் காவு கொடுத்தேன். அழுத்தாத கம்பி சுத்தமாகப் பேசினால் நட் நிரபராதி. அழுத்தின பிறகு இரைந்தால், விரலுக்கு அந்தப் பக்கம், பிரிட்ஜ் திசையில் இருக்கிற ஏதோ ஒரு ஃப்ரெட்டில் கம்பி இடிக்கிறது. மூன்றில் அழுத்தி இரைந்தால் நான்கையோ ஐந்தையோ விசாரிக்க வேண்டும். கை வைத்த இடத்தில் குற்றம் இருக்காது.

ராவின வெட்டை அடைக்கக் கிட்டார் ரிப்பேர்க்காரர்கள் நிஜமாகவே செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு. ஆப்ப சோடா ஒரு சிட்டிகை, மேலே ஃபெவிக்விக் ஒரு சொட்டு. சுள்ளென்று சூடாகி, லேசாகப் புகைந்து, கண்ணை எரித்துவிட்டுக் கல்லாக இறுகிவிடும். பிறகு அதில் புதிதாக வெட்டு எடுக்கலாம்.

“ஆப்ப சோடாவை எங்கே எடுத்துட்டுப் போறீங்க?”

“கிட்டாருக்கு.”

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அடுத்த மாத மளிகை லிஸ்டில் மட்டும் ‘ஆப்ப சோடா – 2’ என்று இருந்தது.

சோடா வைத்தியத்தில் பழைய நிலைமைக்குத் திரும்பினேன். அதாவது பழைய பஸ் மட்டும். இனிமேல் நம்மால் ஆகாது என்று, கிட்டாருக்கு செட்டப் செய்து தருகிற ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த தம்பி, “எந்த ஃப்ரெட்ல சார் பஸ் வருது?” என்று கேட்டபோது என் பாஷை பேசுகிற ஒரு ஜீவனைக் கண்ட சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

“ஒண்ணுலேருந்து ஏழு வரைக்கும். அஞ்சுல ரொம்ப.”

அவர் ஆம்பில் சொருகி வாசித்தார். எனக்கு வாசிக்கத் தெரியாததையெல்லாம் வாசித்தார். “ஆம்ப்ல வரலையே சார். ஆம்ப்ல வரலைன்னா அது பஸ்ஸே இல்லை.”

சாஸ்திரப்படி அவர் சொன்னது சரி. பிக்கப் வழியாகக் கேட்காத இரைச்சலை மேடையில் வாசிக்கிற யாரும் சட்டை செய்வதில்லை. ஆனால் என் மேடை ராத்திரி பத்து மணிக்குக் கட்டில். அதை விளக்கினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மெட்ராஸ் ஹ்யூமிடிட்டி சார்” என்றார். மரம் ஈரத்தைக் குடிக்கும், ஏசி போட்டால் காயும், வளையும் என்பதெல்லாம் வாஸ்தவம். ஆனால் அவர் அடுத்து வந்தவருடைய வயலினுக்கும் அதையே சொன்னார்.

பிறகு குட்டி ஆலன் கீயால் பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கி நின்ற ஆறு சாடிலையும் தூக்கிவிட்டார். பஸ் போயே போய்விட்டது. கூடவே என் விரல்களும். பதினேழாம் ஃப்ரெட்டுக்கு மேலே ஒன்றரை மில்லிமீட்டர் சில்லறை உயரத்தில் இருக்க வேண்டிய கம்பி, மூன்று மில்லிமீட்டரில் துணி காயப்போடும் கொடி மாதிரி நின்றது. அழுத்தினால் விரல் நுனியில் கோடு விழுந்தது. இரண்டு நாள் பல்லைக் கடித்துவிட்டு, மூன்றாம் நாள் நானே சாடிலை இறக்கினேன். பொன்வண்டு திரும்ப வந்தது.

அந்தச் சமயத்தில்தான் கும்பகோணத்திலிருந்து பெரியம்மா கண் ஆபரேஷனுக்காக வந்து எங்களோடு தங்கினார். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். தம்புரா இல்லாமல் ஊருக்குப் போக மாட்டார்; பெட்டிக்கு முன்னால் தம்புராதான் ஆட்டோவிலிருந்து இறங்கியது. ஒரு கண்ணில் கட்டோடு, ராத்திரி நான் அல்லாடுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார் போலிருக்கிறது. காலையில் கிட்டாரை வாங்கி மடியில் கிடத்தி, ஃப்ரெட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

“வீணைக்கு இருபத்து நாலு மெட்டு. அரக்கும் மெழுகும் வச்சு நிறுத்தியிருப்பான். ஒண்ணு ஏறிப் போச்சுன்னா மெழுகை இளக்கி இறக்கிடலாம். இதுல மெழுகு எங்கடா?”

“இல்லை பெரியம்மா. மரத்துல வெட்டுப் போட்டு அடிச்சு இறக்கியிருக்காங்க.”

“அப்ப மரம் வளைஞ்சா?”

நான் பதில் சொல்லவில்லை.

“எப்பலேருந்து இப்படிக் கத்துது?”

“தீபாவளிக்கு அப்புறம்.”

“தீபாவளிக்கு என்ன பண்ணினே?”

“புதுக் கம்பி போட்டேன். விரல் வலிக்குதேன்னு கொஞ்சம் சன்னமா.”

பெரியம்மா கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காப்பி கேட்டார். எலக்ட்ரீஷியன், கடைத்தம்பி, நான் ஆகிய மூன்று நிபுணர்களுக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி அது.

விஷயம் இவ்வளவுதான். கிட்டாரோடு வந்தது ‘பத்து’ செட்; அதாவது முதல் கம்பி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு கனம். நான் மாற்றியது ‘ஒன்பது’. ஆயிரத்தில் ஒரு பங்கில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். பத்து செட்டின் ஆறு கம்பியும் சேர்ந்து நெக்கை இழுக்கிற இழுப்பு ஏறக்குறைய 46 கிலோ. மூன்று சிலிண்டரில் இருக்கிற சமையல் காஸின் எடையை விட அதிகம். ஒன்பது செட்டில் அது 38 கிலோ. எதிர்ப்பக்கம், நெக்குக்குள் ட்ரஸ் ராட் என்று ஓர் இரும்புக் கம்பி ஒளிந்திருக்கிறது. கிப்சனில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹ்யூ 1923-இல் காப்புரிமை வாங்கிய சமாசாரம் அது. கம்பிகள் முன்னால் இழுக்க, அது பின்னால் இழுக்கும். கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தில் இரண்டு குழந்தைகள் கையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. நெக் பின்னால் சாய்ந்து, நடுவில் ஒட்டகம் மாதிரி லேசாகப் புடைத்துவிட்டது. கம்பியோ அதிரும்போது நடுவில்தான் அகலமாக ஆடும். அதற்கு இடம்விட்டு நெக் ஒரு மயிரிழை குழிந்திருக்க வேண்டும்.

அந்த மயிரிழைக்குக் கணக்கு இருக்கிறது: சுமார் கால் மில்லிமீட்டர். அளக்க ஃபீலர் கேஜ் வேண்டும். கிட்டார்க் கடைகளில் விலை விசாரித்துவிட்டு, தெருமுனை பைக் மெக்கானிக்கிடம் போனேன். அவரிடம் அது எண்ணெய்ப் பிசுக்கோடு விசிறி மாதிரி விரிந்து கிடந்தது. அவர்கள் அதை ‘ஃபில்லர் கேஜ்’ என்பார்கள்.

“கிட்டாருக்கும் டாப்பெட் உண்டாண்ணே?”

முதல் ஃப்ரெட்டில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போவை மாட்டி, கடைசி ஃப்ரெட்டை நான் அழுத்திப் பிடிக்க, ஒரு புல்லட்டின் சீட் மேல் கிட்டாரைச் சாய்த்து, ஏழாம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே அவர் தகட்டை நுழைத்துப் பார்த்தார். இருபத்தைந்து பாயிண்ட் நுழையவில்லை. பத்து நுழையவில்லை. செட்டிலேயே மெல்லிசான ஐந்து பாயிண்டும் கம்பியைத் தூக்கிக்கொண்டுதான் போனது.

“கேப்பே இல்லைண்ணே. எவ்வளவு வைக்கணும்?”

“இருபத்தஞ்சு.”

“இருபத்தஞ்சா! வண்டிக்கு இவ்வளவு வச்சா தறி ஓட்டற மாதிரி அடிக்கும்.” சொல்லிக்கொண்டே நாலு எம்எம் ஆலன் கீ ஒன்றைக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பழுதான பொருள் எதைப் பார்த்தாலும் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும். அன்றைக்குக் கூடுதலாகவே வந்தது.

ராட்டைத் திருப்புவதைப் பற்றி நான் படித்ததெல்லாம் பயமுறுத்தல்தான். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாதே, இறுகிப்போயிருந்தால் முரட்டுத்தனம் காட்டாதே, ராட் முறிந்தால் நெக்கையே மாற்ற வேண்டும். எனக்கு வேண்டியது தளர்த்துவது, ஆகவே இடப்பக்கம். தலைப்பக்கத்து ஓட்டையில் ஆலன் கீயைச் செருகி, குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு திருப்பினேன். ‘கட்டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. கையை எடுத்துவிட்டு ஐந்து நிமிஷம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரை பிடிவிட்ட சத்தம்தான், ஒன்றும் முறியவில்லை. ட்யூன் செய்து, மரம் தன் இடத்தைத் தேடிக்கொள்ளட்டும் என்று ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் இருபது பாயிண்ட் வெண்ணெயில் கத்தி மாதிரி போய்வந்தது. இருபத்தைந்துக்காக இன்னொரு தடவை அந்தக் ‘கட்டக்’கைக் கேட்கிற தைரியம் இல்லை.

வாசித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு வரை பஸ் சர்வீஸ் மொத்தமாக ரத்து. மேலே ஏறினேன். மூன்றாவது கம்பியில் பதினான்காம் ஃப்ரெட்டில் மட்டும் மெல்லிசாக ஒரு ‘ஙர்ர்’. இத்தனை நாள் பெரிய இரைச்சலுக்கு அடியில் இது பதுங்கியிருந்திருக்கிறது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் வந்தால் ஏதோ ஒரு ஃப்ரெட் எழும்பி நிற்கிறது என்று அர்த்தம். நேரான விளிம்புள்ள ஏதாவதொன்றை மூன்று ஃப்ரெட் மேல் நிறுத்திப் பார்த்தால், நடு ஃப்ரெட் உயரமாயிருந்தால் ஏற்றப்பலகை மாதிரி ஆடும். கைக்கு அகப்பட்டது ஸ்மார்ட் ரேஷன் கார்டு. பதினாலு, பதினைந்து, பதினாறு மேல் வைத்தேன். டக், டக் என்று ஆடியது. பதினைந்துதான் ஆள். ஒரு சின்ன மரத்துண்டை வைத்துச் சுத்தியால் பதமாகத் தட்டினால் உட்கார்ந்துவிடும். சுத்தியலை எடுத்துவிட்டேன்.

“என்னடா செய்யப்போறே?” பெரியம்மா. கண்கட்டு அவிழ்த்தாகிவிட்டிருந்தது.

சொன்னேன். அந்த ஸ்வரத்தை மறுபடி மீட்டச் சொன்னார். மீட்டினேன். இன்னொரு தடவை என்றார். பிறகு தம்புராவைக் கொண்டுவரச் சொல்லி, குதிரையின் மேல் கம்பிகளுக்கு அடியில் செருகியிருந்த வெள்ளை நூலைக் காட்டினார்.

“இது ஜீவா. இதை எடுத்துட்டுக் கேளு.” நூலை உருவிவிட்டு மீட்டினார். டொய்ங். காலி டப்பா. நூலை மறுபடி செருகி, நகத்தால் ஒரு நூல் அளவு தள்ளினார். கம்பி குதிரையின் பட்டையான முதுகை லேசாக உரச, ஹால் முழுக்க ‘ங்ஙய்ய்ய்ங்’ என்று சத்தம் விரிந்தது. நான் எலக்ட்ரீஷியனையும் ஆப்ப சோடாவையும் வைத்து மூன்று மாதமாக விரட்டிக்கொண்டிருந்த அதே உரசல். “இதுக்காக நான் தினமும் கால் மணி நேரம் நூலோட மல்லுக்கட்டறேன். உனக்குச் சும்மா வருது. தட்டணுங்கறே.”

“அப்பா, ஃபஸ் பெடல்னு ஒண்ணு விக்கிறாங்க. அந்தக் கரகரப்புக்குக் காசு கொடுத்து வாங்கறாங்க” என்று மகளும் சேர்ந்துகொண்டாள்.

“அது வேற, இது வேற” என்றேன். எப்படி வேறு என்று கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

“அந்த ஒண்ணை மட்டும் தொடாதே” என்று பெரியம்மா தம்புராவை உறையில் போட்டார். நான் சுத்தியலை உள்ளே வைக்கப் போனேன். அங்கே அலமாரியின் மூன்று தட்டுகளும் தரையில் இருந்தன. நடுவில் என் மனைவி உட்கார்ந்து, அரை மணி நேரமாக ரேஷன் கார்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.