இஞ்சி தின்ற பேங்கர்

இங்கிலாந்தில் யார் வீட்டுத் தோட்டத்திலாவது ஆர்க்கிட் மாதிரி ஒரு ஊதாப் பூவைப் பார்த்தால், "அட, ஆர்க்கிட்!" என்று சொல்லித் தொலைக்காதீர்கள். வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போகும். அது இஞ்சி! நம் மஞ்சள், ஏலக்காய், பூலாங்கிழங்குக்கெல்லாம் பங்காளி. பிறந்த ஊர் இமயமலை. பனி கொட்டினால் மண்ணுக்கு மேலே எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டுக் கிழங்காகச் சுருண்டு படுத்துக்கொள்ளும். பெயர் ராஸ்கோயா. டீயில் தட்டிப் போட அல்ல, சும்மா பார்த்து ரசிக்க!

யார் இந்த ராஸ்கோ? கயிறு கட்டி இமயம் ஏறிய சூரர் என்றுதான் நானும் நினைத்தேன். லிவர்பூல்காரரான வில்லியம் ராஸ்கோ இமயத்தைப் படத்தில் பார்த்திருந்தால் உண்டு. நேபாளம் வரை போய்ச் செடியைக் கண்டுபிடித்தவர் பிரான்சிஸ் புக்கானன். 1800-ல் நம்ம மெட்ராஸிலிருந்து கிளம்பி மைசூர், மலபார் என்று சுற்றோ சுற்று என்று சுற்றினாரே, அதே ஆள்தான். 1806-ல் தாவரவியலாளர் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் அதற்குப் பெயர் வைத்தார். யார் பெயரை? அலைந்தவர் பெயரையா? தன் நண்பர் பெயரை!

ராஸ்கோவை அதற்காகக் கோபித்துக்கொள்ள மனசு வரவில்லை. அப்பா சத்திரம் நடத்திக்கொண்டே காய்கறியும் பயிரிட்டவர். பையன் உருளைக்கிழங்கைத் தலையில் சுமந்து சந்தைக்குப் போனவன். வளர்ந்து வக்கீலாகி, 1796-ல் ஃபிளாரன்ஸ் நகரத்து லாரன்ஸோ டி மெடிச்சியின் வரலாற்றை எழுதினார். ஐரோப்பாவே கொண்டாடியது. இத்தாலிக்கு எத்தனை தடவை போனார் என்கிறீர்களா? ஒரு தடவைகூட இல்லை! அங்கே இருந்த நண்பர் ஆவணங்களைத் தேடிக் கொடுத்தார், இவர் லிவர்பூலில் உட்கார்ந்து எழுதினார். கூகுள் மேப்பை வைத்துப் பயணக்கட்டுரை எழுதும் நம்மவர்களுக்கு இவர்தான் குலதெய்வம்.

அந்த லாரன்ஸோ யார்? கவிதை, ஓவியம் என்று திரிந்து, தாத்தா காலத்துப் பேங்கை ஆட்டம் காணவைத்தவர். அவர் இறந்த இரண்டே வருஷத்தில் பேங்க் மூடுவிழா. இந்தக் கதையை அக்குவேறு ஆணிவேறாக அலசிய ராஸ்கோ, 1799-ல் என்ன செய்தார் தெரியுமா? ஒரு பேங்கில் பார்ட்னராகச் சேர்ந்தார்!

நடுவில் ஒரு நல்ல காரியம். லிவர்பூலின் செல்வமே அடிமை வியாபாரத்தில் வந்தது. அந்த ஊர் எம்.பி.யாக இருந்துகொண்டே, 1807-ல் அதை ஒழிக்க ஓட்டுப் போட்டார். ஊருக்குத் திரும்பியபோது வரவேற்பு பலம். மாலை அல்ல, அடிதடி!

1816-ல் பேங்க் படுத்தது. ஆசையாகச் சேர்த்த புத்தகங்களும் ஓவியங்களும் ஏலத்துக்குப் போயின. 1820-ல் திவால். வேறு யாராவது என்றால் இஞ்சி தின்ற குரங்கு மாதிரி மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். இவரோ எழுபது வயதைத் தொட்டபிறகு, இஞ்சிக் குடும்பத்தைப் பற்றியே வண்ணப்படங்களோடு ஒரு பிரம்மாண்டப் புத்தகம் போட்டார்.

புத்தகத் தலைப்பிலேயே 'மொனாண்ட்ரியன்', அதாவது 'ஒரே கணவன்' என்று வரும். அது தாவரவியலாளர் லின்னேயஸ் செய்த குறும்பு. மகரந்தத்தாள்களைக் கணவன்மார்களாக எண்ணி, செடிகளுக்கு ஜாதகம் பார்த்தவர் அவர். சில பூக்களில் ஒரு மனைவிக்கு இருபது கணவன்! இஞ்சிப் பூவிலோ ஒருவனுக்கு ஒருத்தி, அக்மார்க் ராமாயணம். உற்றுப் பாருங்கள், சூல்தண்டு அந்த ஒற்றை மகரந்தப்பையின் இரு பாதிகளுக்கு நடுவே நுழைந்து, கணவன் தோள்மேல் தலையை மட்டும் நீட்டி எட்டிப் பார்க்கும். மற்ற ஆண்கள்? வேலையை விட்டுவிட்டு இதழ் வேஷம் கட்டி நிற்கிறார்கள். நாம் மயங்குவது அவர்களைப் பார்த்துத்தான்!

இன்னொரு இமயத்து இஞ்சி காட்லேயா. 1854-ல் திறந்த கங்கைக் கால்வாயை வெட்டிய ப்ரோபி காட்லியின் பெயர். கால்வாய்த் தலைப்பை வைத்த இடமே தப்பு என்று அவரோடு மல்லுக்கு நின்றவர் கொள்ளிடத்தில் அணை கட்டிய நம்ம ஆர்தர் காட்டன். காட்லிக்கு இஞ்சி கிடைத்துவிட்டது. காட்டனுக்கு அந்தக் கவலையே இல்லை, பிறக்கும்போதே பருத்தி!

ராஸ்கோயாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வசந்தம் வந்து பக்கத்துச் செடியெல்லாம் துளிர்த்து, சில சமயம் ஜூனும் பிறந்துவிடும். அது இருந்த இடம் மட்டும் வெறும் மண்ணாகக் கிடக்கும். சரி, போய்விட்டது, இனி இந்தக் கணக்கை முடித்துவிடலாம் என்று வீட்டுக்காரர் மண்வெட்டியை ஓங்கிப் போடுவார். பச்சை முளையோடு கிழங்கு இரண்டு துண்டாக மேலே வரும்.