பூனைக்கு எண்ணெய் தேய்க்கலாகாது

வீட்டுப் பூனை தன் உடம்பைத் தானே பேணிக்கொள்ளும் பிராணி. விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறையக் கால் பங்கை அது தன்னை நக்கிக்கொள்வதிலேயே செலவிடுகிறது. அதன் நாக்கில் தொண்டையை நோக்கி வளைந்த நூற்றுக்கணக்கான சிறு முட்கள் உண்டு. அம்முட்களின் நுனி குழிந்திருப்பதால் எச்சில் அதில் ஏறி ரோமத்தின் அடிவரை போய்ச் சேர்கிறது என்பதை, 2018-ல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும் கண்டு எழுதினார்கள். அந்த எச்சில் உலரும்போது உடம்பும் குளிர்கிறது. சீப்பும் தண்ணீரும் விசிறியும் வாய்க்குள்ளேயே வைத்துப் பிறந்த இந்தப் பிராணிக்கு மனிதர் செய்யவேண்டியது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்வது தமிழ்க் குடும்பங்களின் இயல்பு.

ஹைதராபாத் வீடுகளில் இருக்கும் பூனைகள் இரண்டு வகை. மாடிப்படிக்கு அடியில் பிறந்து, என்றோ கதவு திறந்திருந்தபோது உள்ளே வந்து, அன்றுமுதல் வீட்டை நிர்வகிப்பது நாட்டுப்பூனை. கடையில் காசு கொடுத்து வாங்கப்படுவது பெர்ஷியன். இதை விற்பவர்கள் முகத்தை வைத்து டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச் ஃபேஸ் என்றும், ரோமத்தை வைத்து டபுள் கோட், ட்ரிபிள் கோட் என்றும் தரம் பிரிக்கிறார்கள். மூக்கு உள்ளே போகப் போக விலை மேலே போகும். மூச்சுத் திணறலும் கண்ணில் ஓயாமல் நீர் வடிவதும் கூடவே வரும். அவற்றுக்குக் கட்டணம் கிடையாது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், ட்ரிபிள் கோட் போட்ட பூனையை வாங்கி, அதற்காக இரவும் பகலும் ஏசி போட்டு, மின்கட்டணச் சீட்டைப் பார்த்து அரசாங்கத்தைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 1591-ல் உருவான இந்நகரை வகுத்த மீர் மோமின் ஈரானிலிருந்து வந்தவர்தான். ஆனாலும் இந்தப் பழி அவரைச் சேராது.

நாட்டுப்பூனைக்கு வாரம் ஒருமுறை சீவினால் போதும். பெர்ஷியனுக்குத் தினமும் சீவவேண்டும். முதுகைச் சீவிவிட்டு எழுந்துவிடுவது வழக்கம். ஆனால் சிக்கு விழுவது முதுகில் அல்ல, அக்குளில், வயிற்றடியில், காதுக்குப் பின்னால். சிக்கை நுனியிலிருந்து விரலால் பிரித்து, பிறகு அகலப் பல் சீப்பால் எடுக்கவேண்டும். கத்தரிக்கோல் கூடாது. பூனையின் தோல் மெல்லியது. சிக்கோடு சேர்ந்து மேலே எழும்பி வரும். எது ரோமம், எது தோல் என்று கத்தரிக்குத் தெரியாது. சீவாமல் விட்ட ரோமம் நாக்கு வழியாக வயிற்றுக்குப் போய், உருண்டையாகி, வீட்டிலிருக்கும் ஒரே நல்ல ஜமக்காளத்தின்மேல் வெளியே வரும்.

அடுத்தது குளியல். நாட்டுப்பூனைக்குக் குளியல் தேவையில்லை. பெர்ஷியனுக்கு மாதம் ஒருமுறை ஆகலாம். ஆனால் எண்ணெய்க் குளியலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும்.

செகந்திராபாத்தின் மாரேட்பள்ளியும் பத்மாராவ் நகரும் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழும் பகுதிகள். சென்ற தீபாவளிக்கு அங்குள்ள ஒரு வீட்டுக்குக் கும்பகோணத்திலிருந்து ஓர் அத்தை வந்திருந்தார். சார்மினார் எக்ஸ்பிரஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏன்டா, இதுக்கு எண்ணெய் தேய்ச்சு விடறதே இல்லையா? உடம்பு சூடு ஏறாதா?" அவ்வீட்டுக்கு மாதாமாதம் வாடகை கட்டுபவரும், பூனை வளர்ப்பு பற்றிப் பல நூல்களைப் படித்தவரும், பின்னாளில் அது குறித்துக் கட்டுரை எழுதவிருந்தவருமான ஒருவர், அப்போது செய்தித்தாளில் கிரிக்கெட் பக்கத்தை மிகக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

பூனைக்கான எண்ணெய்க் குளியல் அதிகாலை நாலு மணிக்குத் தொடங்குகிறது. தேவையானவை: நல்லெண்ணெய், இரண்டு மிளகு, ஒரு சிட்டிகைச் சீரகம், மனைப்பலகை. எண்ணெயைக் காய்ச்சி இளஞ்சூட்டில் இறக்கவேண்டும். பூனையைக் கிழக்கு முகமாக உட்காரவைக்க வேண்டும். இந்த இரண்டாவது படியில் சிலருக்குச் சிரமம் ஏற்படுவதுண்டு. பூனைக்குக் கிழக்கில் ஆர்வம் இல்லை. மருமகள் பின்னங்கால்களையும், பேரன் முன்னங்கால்களையும், ஒன்றும் செய்யாத ஒருவர் டார்ச் விளக்கையும் பிடித்துக்கொள்ள, அத்தை உச்சந்தலையில் மூன்று சொட்டு வைத்து, "வாயில்லா ஜீவன்டா, நாமதான் பார்த்துச் செய்யணும்" என்பார். வாயில்லா ஜீவன் அந்நேரத்தில் தனக்கு வாய் இருப்பதை மாரேட்பள்ளி முழுமைக்கும் அறிவித்துக்கொண்டிருக்கும்.

எண்ணெய் முதுகு வழியாக வால்வரை இறக்கப்படும். வாலில் பிடி நழுவும். நல்லெண்ணெய் பூசிய பூனையைப் பிடித்து நிறுத்தும் வழி எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. அது முதலில் சோபாவுக்கும், அங்கிருந்து புதுப்புடவை வைத்த தட்டுக்கும், அங்கிருந்து லாஃப்ட்டுக்கும் போகும். கீழே இறக்கச் சீயக்காயுடன் இருவர் ஏணியில் ஏறுவார்கள். அதற்குள் மைலாப்பூரிலிருந்து ஃபோன் வரும்: "கங்கா ஸ்நானம் ஆச்சா?" எல்லாருக்கும் ஆயிற்று, பூனைக்குத்தான் பாக்கி என்று பதில் சொல்லப்படும், மைலாப்பூர் அதை வீடியோவில் பார்க்க ஆசைப்படும். கண்ணில் சீயக்காய் பட்ட பூனை அடுக்களை வழியாக ஓடும். வெந்நீர் ஊற்றியபின் பூனையைப் பார்த்தால், சப்பிப் போட்ட பனங்கொட்டைபோல் இருக்கும். துவட்டிய கையோடு சளி பிடிக்காமலிருக்கச் சாம்பிராணி போடவேண்டும் என்பது அடுத்த விதி. புகை பூனையின் மூச்சுக்குழாயை எரிக்கும், ஆஸ்துமா உள்ள பூனைக்கு மூச்சே முட்டும் என்பது கால்நடை மருத்துவத்தின் விதி. தீபாவளியன்று முதல் விதிதான் செல்லும். பின்பு கழுத்துப் பட்டையின் ஓரத்தில் மஞ்சள் தடவப்படும். கடைசியில் லேகியம். சுண்டைக்காய் அளவு போதும் என்பார் அத்தை, தித்திப்பாக இருப்பதால் தானே நக்கிக்கொள்ளும் என்றும் சொல்வார்.

நக்காது. பூனைக்குத் தித்திப்பே தெரியாது. இனிப்பை உணரவைக்கும் மரபணுக்களில் ஒன்று பூனைக்குச் செயலிழந்துவிட்டது என்பது 2005-ல் வெளியான ஆய்வு. சிங்கம், புலிக்கும் இதே கதிதான். ஆகவே வெல்லம் அதன் வாயில் படுவதே இல்லை. மிளகும் சுக்கும் திப்பிலியும் மட்டும் படும். ஹைதராபாத்தின் குபானி கா மீட்டாவையும் டபுள் கா மீட்டாவையும் பூனைக்கு ஊட்டி "எவ்வளவு ஆசையா சாப்பிடுது பாருங்க" என்று மகிழ்பவர்கள் அறியவேண்டியது, அது நக்குவது மேலே இருக்கும் பாலாடையை.

அன்று முழுதும் அந்தப் பூனை எண்ணெயை நக்கியது. மறுநாள் வயிறு போயிற்று. "பார்த்தியா, சூடு இறங்கிடுச்சு" என்றார் அத்தை.

இதிலிருந்து வருவதே பூனைப் பராமரிப்பின் தலையாய விதி: பூனையைப் பொறுத்தவரை வெளிப்பூச்சு என்ற ஒன்றே கிடையாது. ரோமத்தில் பட்டது அனைத்தும் சிறிது நேரத்தில் வயிற்றுக்குள் போகும். மனிதர் நெற்றியில் தடவும் தலைவலித் தைலத்திலுள்ள கற்பூரமும், தரை துடைக்கும் ஃபினாயிலும் பாதத்திலிருந்து நாக்குக்குப் போனால் நஞ்சு. நாய்க்கு உண்ணி போக வாங்கிய மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால், அதைப் பூனையின் பிடரியில் விடுவது வலிப்பை வரவழைப்பதாகும். பூனைக்கென்றே விற்கும் சொட்டுமருந்தை, நாக்கு எட்டாத பிடரியில், ரோமத்தை விலக்கித் தோலில் விடவேண்டும். வட்டவட்டமாக முடி உதிர்ந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம்; வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒட்டும். அதற்கு வேப்பெண்ணெய் அல்ல, மருத்துவர்.

உடம்புச் சூடு விஷயத்துக்கும் இங்கேயே முடிவு கட்டிவிடலாம். நல்ல ஆரோக்கியமான பூனையின் உடல் வெப்பம் 38-லிருந்து 39 டிகிரி செல்சியஸ் வரை. மனிதரின் கைக்கு அது எப்போதும் லேசான காய்ச்சலாகத்தான் தோன்றும். காதைத் தொட்டுப் பார்த்து "கொதிக்குது" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் அலமாரியிலிருந்து பாராசிட்டமால் அட்டையை எடுத்துவரும் வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று பூனையைக் கொல்லப் போதும். அம்மருந்தைச் செரித்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கிறது, ஈறு பழுப்பாகிறது, முகம் வீங்குகிறது. குழந்தைக்குக் கொடுக்கும் சிரப்பும் இதே மருந்துதான். "கால் மாத்திரைதானே" என்பதும் கூடாது.

நகங்கள் பதினெட்டு, முன்காலில் ஐந்தைந்து, பின்காலில் நான்கு நான்கு. பாதத்தை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். வெள்ளை நுனியை மட்டும் வெட்டவேண்டும், உள்ளே தெரியும் இளஞ்சிவப்பில் ரத்தக்குழாய் இருக்கிறது. தூங்கும்போது ஒன்றிரண்டாக வெட்டுவது உசிதம். காதுக்குள் பட்ஸ் விடக்கூடாது. காப்பித்தூள் போன்ற கறுப்பு அழுக்கு இருந்தால் அது பூச்சி. பற்கள் முப்பது. பூனைக்கான பசை கொண்டு துலக்கலாம் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன.

உணவில் வரும் கேடுகள் இரண்டு, இரண்டும் அன்பினால் வருபவை. முதலாவது தயிர்சாதம். "எங்க வீட்டுப் பூனை சுத்த சைவம்" என்று சொல்லிக்கொள்வதில் பலருக்குப் பெருமை. டாரின் என்ற சத்தைப் பூனையால் போதிய அளவு தானே உண்டாக்க முடியாது, மாமிசத்திலிருந்துதான் கிடைக்கவேண்டும். அது குறைந்தால் பார்வை போகும், இதயம் வீங்கும். இதய நோய்க்கு இதுவே காரணம் என்று 1987-ல் நிறுவப்பட்டது. பாலும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிப்பதில்லை. இரண்டாவது, அடுத்த வீட்டிலிருந்து வரும் பிரியாணி. கறி நல்லதுதான். அதன்மேல் தூவிய வறுத்த வெங்காயமும் உள்ளே கரைந்த பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த எலும்பு உடைந்து குத்தும். மசாலா இல்லாமல் அவித்த கோழி போதும், அன்றாடத்துக்குப் பூனைக்கென்றே தயாரித்த உணவு. இரண்டு நாள் எதையும் தொடாத பூனையை "விரதம் இருக்குது" என்று விட்டுவைக்கக் கூடாது. பட்டினியில் அதன் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும். குண்டுப் பூனைக்கு ஆபத்து அதிகம்.

கோடையில் வாயைத் திறந்து இரைக்கும் பூனையை உடனே நிழலுக்கும் மருத்துவரிடமும் கொண்டுபோக வேண்டும். நாய் அப்படி இரைப்பது இயல்பு, பூனை இரைப்பது இயல்பல்ல. நேரு உயிரியல் பூங்காவில் கோடைதோறும் கூலரும் நீர்த்தெளிப்பானும் வைக்கிறார்கள். அங்கேதான் 2021 மே மாதம் எட்டு ஆசியச் சிங்கங்களுக்குக் கொரோனா உறுதியானது. மனிதரின் நோய் பூனைக் குடும்பத்தைத் தொற்றும் என்பதற்குத் தூரத்தில் சான்று தேடவேண்டாம். அடுத்த ஆபத்து பால்கனி. கொண்டாப்பூர், கச்சிபௌலி அடுக்குமாடிகளில் பால்கனிக்குப் புறாவலை கட்டியிருப்பார்கள்; அது புறா உள்ளே வராமலிருக்கத்தான், பூனை வெளியே போகாமலிருக்க அல்ல. கம்பிவலை தேவை.

முத்தடுப்பூசி எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போடப்படும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில், பிறகு ஆண்டுதோறும். குடற்புழு மருந்து தவறக்கூடாது. ஊசி போடக் கொண்டுபோகும் வழியில் பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, கடிபட்டவரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அரசு கால்நடை மருத்துவமனை நாராயணகுடாவில் இருக்கிறது. மனிதருக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடும் நோய்த்தடுப்பு நிறுவனமும் நாராயணகுடாவில்தான். இந்நகரின் திட்டமிடலில் குறை சொல்ல முடியாத இடம் இது ஒன்றே.

கருத்தடை ஐந்தாறு மாத வயதில் செய்யப்படுகிறது. "பாவம்டா, ஒரு பிரசவமாவது பார்க்கட்டும்" என்று சொல்பவர்களிடம் குட்டிகளில் இரண்டை எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டால் பேச்சு மாறும். முதல் பருவத்துக்கு முன்பே செய்துவிட்டால் பெட்டைக்கு மார்புக்கட்டி வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும்.

கடைசியாக, தள்ளிப்போடக் கூடாத ஒன்று. கடுவன் பூனை மண் தட்டில் மீண்டும் மீண்டும் உட்கார்ந்து, முக்கி, ஒன்றும் வராமல் எழுந்தால் அது பெரும்பாலும் சிறுநீர் அடைப்பு. மலச்சிக்கல் என்று தீர்மானித்து விளக்கெண்ணெய் தேடுவதில் போகும் நேரம் பூனையின் நேரம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். மருத்துவர் கேட்பது மூன்று: கடைசியாக எப்போது சிறுநீர் போயிற்று, எப்போது சாப்பிட்டது, வீட்டில் என்ன கொடுத்தீர்கள். மூன்றாவதற்கு உண்மையைச் சொல்லவேண்டும், அத்தை பக்கத்தில் நின்றாலும்.