மழைக்குத் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒதுங்கலாமா? – ஓர் ஆய்வு

மழை பிடித்தால் மரத்தடியில் ஒதுங்குவது மனித குலத்தின் ஆதிப் பழக்கங்களுள் ஒன்று. எந்த மரத்தடியில் என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. ஸ்கூட்டரை அவசரமாக ஓரங்கட்டும் குடிமக்கள், கண்ணுக்கு எட்டிய மரங்களில் அகலமானது எதுவோ அதை நோக்கி ஓடுகிறார்கள். நம் ஊர்ச் சாலையோரங்களில் அகலமானது பெரும்பாலும் தூங்குமூஞ்சி. இவ்வாய்வு எழுந்ததற்குக் காரணம் அதுவே. வெயிலில் குடையாக விரிந்து நிற்கும் இந்த மரம், வானம் கறுத்தால் குடையை மடக்கிவிடுகிறது.

இது மரத்தின் வன்மம் என்பது நனைந்தவர்கள் கட்சி. அதை ஏற்பதற்கில்லை. இலைக்காம்பின் அடியிலும் ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் புடைப்பான ஒரு முட்டு இருக்கிறது. தாவரவியலார் பல்வினஸ் என்பார்கள். அதன் ஒரு பக்கத்து உயிரணுக்களுக்குள் பொட்டாசியம் அயனிகள் புகுந்தால், பின்னாலேயே தண்ணீரும் புகும். அந்தப் பக்கம் உப்பும், எதிர்ப்பக்கம் தளரும், இலை விரியும். அயனிகள் பக்கம் மாறினால் இலை மடங்கும். தொட்டாச்சிணுங்கி தொட்ட நொடியில் சுருங்குவதும் ஏறக்குறைய இதே வித்தைதான். தூங்குமூஞ்சிக்கு அந்தப் பதற்றம் கிடையாது, நிதானமாகவே மடக்கும். ஆகவே முற்பகலில் திடீரென்று பெய்து ஓயும் மழைக்கு இதன் அடியில் நிற்பது ஓரளவு பாதுகாப்பானது என்பது முதல் முடிபு.

ஐப்பசி மாதத்து மாலை மழைக்கு இம்முடிபு செல்லாது. அந்தி சாய்ந்தால், மழை உண்டோ இல்லையோ, மரம் மடக்கிவிடும். வெளிச்சம் குறைவது மட்டும் இதற்குக் காரணமல்ல என்பதை 1729-லேயே பிரெஞ்சு வானியலாளர் தெ மெராங் கண்டார். தொடுகைக்குச் சுருங்கும் ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலையே காணாத அச்செடி, பகலில் விரிந்தும் இரவில் மடங்கியும் தன் வழக்கத்தை விடாமல் நடத்தியது. இவ்வளவு பெரிய உண்மையைக் கண்டவர் அதைத் தாம் எழுதவில்லை. மர்ஷாங் என்ற நண்பர்தான் பாரிஸ் அறிவியல் கழகத்துக்குத் தெரிவித்தார். ஆய்வுலகில் இத்தகைய சோம்பலுக்கும் ஒரு முன்னோடி உண்டு என்பதை இங்கே ஆறுதலுடன் பதிவு செய்கிறோம்.

1832-ல் தாவரவியலாளர் தெ காந்தோல் இன்னொன்றைச் சேர்த்தார். ஓயாத வெளிச்சத்தில் வைத்த தொட்டாச்சிணுங்கியின் ‘நாள்’ 22, 23 மணி நேரமாகக் குறைந்தது. அதாவது செடிக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, அது கொஞ்சம் முந்துகிறது, தினமும் சூரியன் வந்து முள்ளைத் திருத்திவிட்டுப் போகிறது. வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் அந்தக் கடிகாரத்தின் வேகம் பெரிதாக மாறுவதில்லை. சித்திரை மாதத்தில் நாம் இப்படி இருக்கிறோமா என்பது வேறு ஆய்வு.

வெப்பத்துக்கு இவ்விஷயத்தில் பங்கே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். துலிப் மலரில் அதுவே எஜமான்: சூடேறினால் இதழின் உட்பக்கம் வேகமாக வளர்ந்து பூ விரிகிறது, குளிர்ந்தால் வெளிப்பக்கம் வளர்ந்து மூடுகிறது. குங்குமப்பூவின் உறவான குரோக்கஸ் அரை டிகிரி மாற்றத்துக்கே அசைந்து கொடுக்கும். வங்காளத்து ஃபரித்பூரில் சாய்ந்து வளர்ந்த ஈச்சமரம் ஒன்று, மாலையில் கோயில் மணி ஒலிக்கும் நேரத்தில் தலையைத் தாழ்த்தி வணங்கி, காலையில் நிமிர்ந்துகொண்டிருந்தது. பக்தர்கள் காணிக்கையோடு வந்தார்கள். ஜகதீச சந்திர போஸ் கருவியோடு வந்தார். மரத்தின் அசைவைத் தொடர்ந்து பதிவு செய்து, பகல் சூட்டில் அது தாழ்கிறது, இரவுக் குளிர்ச்சியில் எழுகிறது என்று காட்டினார். மணியோசைக்கு வேலையில்லை என்று ஆயிற்று. நம் தூங்குமூஞ்சி வழக்கில் முதல் குற்றவாளி ஒளிதான். வெப்பம் உடந்தை என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

இலையை மடக்குவதால் மரத்துக்கு என்ன லாபம்? டார்வின் 1880-ல் வெளியிட்ட நூலில், திறந்த வானத்தின் கீழ் இலை சூட்டை இழந்து உறைபனியில் கருகாமல் இருக்கவே இந்த ஏற்பாடு என்றார். மடங்கும் இலைகளைத் தக்கையில் ஊசியால் குத்தி விரித்தே வைத்தார். அவை மற்றவற்றைவிட அதிகம் கருகின. சோதனையில் குறையில்லை. ஆனால் உறைபனியை நினைத்துச் சென்னையில் ஒரு மரம் தினமும் மாலை முன்னெச்சரிக்கையாக இருப்பது, மார்கழிக்குக் குல்லா போடும் நம் பெரியவர்களை ஒத்தது.

தப்பிக்க வேறு மரம் தேடுவோர் புளியமரத்தையும் நம்ப வேண்டாம். அலெக்சாந்தரின் படையோடு கடல்வழி சென்ற ஆந்த்ரஸ்தெனிஸ், இன்றைய பஹ்ரைன் தீவில் இரவில் மூடி விடியலில் விரியும் மரம் ஒன்றைக் கண்டு சொன்னார். அது புளியமரம் என்பது பின்வந்தோர் கருத்து. கீழாநெல்லியும் இரவில் மடங்கும், அதன் அடியில் ஒதுங்க எறும்பாகப் பிறந்திருக்க வேண்டும். பெரிய மரம் என்பதாலும் பயனில்லை. 1800-ல் இயற்கையியலாளர் ஹம்போல்ட் வெனிசுவேலாவில் கண்ட தூங்குமூஞ்சியின் கவிகைச் சுற்றளவு 576 அடி. ஒரே சமயத்தில் எத்தனை பேர் நனையலாம் என்று அவர் கணக்கிடவில்லை.

இறுதியாகக் களச்சான்று. தூங்குமூஞ்சி மரத்தடியில் தொழில் நடத்தும் டீக்கடைகளைக் கவனியுங்கள். தலைக்கு மேல் அவ்வளவு பெரிய மரம் இருக்க, அதன் கிளையிலேயே கயிறு கட்டி, நீலத் தார்ப்பாயும் விரித்திருப்பார்கள். கடைக்காரர்கள் தெ காந்தோலைப் படித்ததாகத் தகவல் இல்லை. மழை நேரத்தில் அந்தத் தார்ப்பாயின் கீழ் நிற்பதற்குக் கட்டணம் ஒரு டீ. மழை வலுத்தால் ஒரு வடையும் சேரும்.