கூடத்தில் ஒரு பிட்சர்

கேள்வி: மகள் பள்ளி சாஃப்ட்பால் அணியில் பிட்சர். மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்ய இடம் ஒதுக்கலாமா?
– ஒரு வாசகி, திருப்பத்தூர்

பதில்: தாராளமாக! 1887-ல் சிகாகோவில் இந்த ஆட்டம் பிறந்ததே கூரைக்குக் கீழேதான். பாக்ஸிங் கையுறையைச் சுருட்டிக் கட்டியதுதான் முதல் பந்து. தோலுக்குப் பெயர்போன உங்கள் மாவட்டத்துக்குப் பொருத்தமான ஆட்டம்தான்!

சர்வதேசப் பெண்கள் போட்டியில் பிட்சிங் தூரம் 43 அடி. அதற்கு மொட்டைமாடிதான் கதி. மணிக்கட்டைச் சொடுக்கிப் பழகக் கூடத்தில் பத்தடி போதும். கொடியில் தடித்த ஜமக்காளத்தைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். பந்து துள்ளாமல் காலடியில் விழும். முழுக்கையையும் சுழற்றினால் பரண் பாத்திரமெல்லாம் அவுட்! பந்தின் எடை சுமார் 180 கிராம். சுருட்டிய காலுறையில் தொடங்கச் சொல்லுங்கள்; டிவிக்கும் நல்லது, குடும்ப அமைதிக்கும் நல்லது.